கன்னத்தில் கட்டி: கருவிலேயே கண்டறிய முடியுமா?

கேள்வி: 30 வாரக் கர்ப்பம். குழந்தையின் கன்னத்தில் 4 செ.மீ. கட்டி, 'ரத்தநாளக் கட்டியாக இருக்கலாம்' என்று ஸ்கேன் ரிப்போர்ட் சொல்கிறது. எப்படி உறுதி செய்வது?

பதில்: முதலில் கலர் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் ஸ்கேன். கட்டி திடமாக, உள்ளே ரத்த ஓட்டம் நிறைந்து தெரிந்தால் ஹீமாஞ்சியோமாவாக (ரத்தநாளக் கட்டி) இருக்க வாய்ப்பு அதிகம். நீர் நிறைந்த அறைகளாக, அவற்றுக்குள் ஓட்டமே இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் நிணநீர்க் கட்டி. தவறு நடப்பது இங்கேதான்: டாப்ளரின் வேக அளவை உயர்த்தி வைத்தால் மெதுவான ஓட்டம் திரையில் விழவே விழாது, ரத்தம் ஓடும் கட்டிகூட வெறுமையாகத் தெரியும். அளவைக் குறைத்து மறுபடி பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள். மூச்சுப்பாதையை அழுத்துகிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும், சாயமருந்து ஏற்றாமலே எடுப்பார்கள்.

கட்டியின் பெயரைவிட முக்கியம், குழந்தையின் இதயம். பெரிய கட்டி ரத்தத்தை இழுத்துக்கொண்டால் இதயம் பெரிதாகும். நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கோக்கும். மூளையின் நடுத் தமனியில் ரத்தத்தின் உச்ச வேகம், அந்த வாரத்துக்குரிய நடுமதிப்பைப்போல் 1.5 மடங்கைத் தாண்டினால் ரத்தசோகையைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றுக்காகத்தான் அடிக்கடி ஸ்கேன்.

பிறவி ஹீமாஞ்சியோமாவில் ஒரு வகை, பிறந்தபின் தானாகவே சுருங்கி ஏறக்குறைய 14 மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். இன்னொரு வகை அப்படியே நிற்கும்.