பி.எம். கிசான் பணம் ஏன் நின்றது? கேள்வி பதில்

ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. நிலமுள்ள உழவர்களுக்கு மத்திய அரசு இப்படிப் பணம் தரும், 2019 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். கிசான் திட்டம் பற்றி உழவர்கள் கேட்டவை இவை. வேளாண் விரிவாக்கப் பணியில் பல ஆண்டு இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, ஏழு தவணை வந்து நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் கணக்கில் குறையில்லை என்கிறார்கள். (விழுப்புரம்)

கணக்கில் குறை இருக்காது. இந்தப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. உங்களுக்கு மூன்று வங்கியில் கணக்கு இருந்தாலும் நேரடி மானியத்துக்கு இணைந்திருப்பது ஒன்றுதான். "ஆதார் கொடுத்திருக்கேனா" என்று கேட்காதீர்கள். "மானியம் வருகிற மாதிரி இணைந்திருக்கா" என்று கேளுங்கள். இரண்டும் வேறு. அது சரியாக இருந்தால் இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆள் நீங்கள்தான் என்று உறுதி செய்வது) முடிந்ததா, திட்டப் பதிவில் உங்கள் நில விவரம் ஏறியதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் சிக்கல் இருக்கும்.

அப்பா இறந்து நான்கு வருடம். பட்டா இன்னும் அவர் பெயரில். உழுவது நான்தான். (மணப்பாறை)

தம்பி, உழுகிறவர் யார் என்று திட்டம் பார்ப்பதில்லை, பட்டாவில் யார் பெயர் என்றுதான் பார்க்கும். வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுங்கள். அண்ணன் தம்பிகள் இருந்தால் கூட்டுப் பட்டாவாவது போட்டுக்கொள்ளுங்கள். தனித்தனிக் குடும்பமாக இருப்பவர்கள் அவரவர் பங்குக்கு விண்ணப்பிக்கலாம். நிலம் 1.2.2019-க்குப் பிறகு கைமாறியிருந்தால் சேர்க்க மாட்டார்கள், ஆனால் இறப்பால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. அப்பா இறந்த பிறகும் அவர் கணக்குக்குத் தவணை வந்திருந்தால் எடுத்துச் செலவழிக்காதீர்கள். திருப்பிக் கேட்பார்கள்.

மகன் அரசு ஆசிரியர். எனக்குக் கிடைக்காதா?

கிடைக்கும். கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள்தான் இங்கே குடும்பம். உங்கள் மனைவி ஆசிரியராக இருந்தால்தான் கிடைக்காது.

ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் வைக்கிறேன். பணம் நிலக்காரருக்குப் போகிறது. இது நியாயமா? (மன்னார்குடி)

நியாயமில்லை, அம்மா. சேற்றில் இறங்குகிறவர் ஒருவர், தவணை வாங்குகிறவர் இன்னொருவர் என்பது இத்திட்டத்தின் பெரிய ஓட்டை. ஆந்திர அரசு 2019-ல் தன் உழவர் உதவித்தொகையில் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகையாளரையும் சேர்த்தது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பி.எம். கிசானில் இன்று உங்களுக்கு வழியில்லை. ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைக்கிறார் என்ற பதிவை, உங்கள் சாகுபடி என்று எழுதி வாங்குங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைத் தாசில்தாரிடம் பதியவும் இடமுண்டு. நிலக்காரர் முகம் சுளிப்பாரே என்று பயந்துதான் பலரும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளம் வந்து பயிர் போனால், கையில் காகிதம் இல்லாதவருக்கு ஒன்றும் வராது.

ஐந்நூறு கொடுத்தால் பதிந்து தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் மோசடி இப்படித்தான் தொடங்கியது. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி நிலமே இல்லாதவர்களைச் சேர்த்தார்கள். தமிழ்நாடு முழுக்க 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் அப்படிச் சேர்ந்திருந்தார்கள். பிறகு பணத்தை அவரவர் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்தார்கள். இடைத்தரகருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். பட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கு நேரே போங்கள். கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.