52-இல் 27 போனால் 35 என்று எழுதும் குழந்தைக்கு

உங்கள் மகள் 52-இல் 27-ஐக் கழித்து 35 என்று எழுதுவது கவனக்குறைவால் அன்று. ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாது என்றதும் தலைகீழாக 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறாள். "சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று நாம் தொடக்கத்தில் சொல்லிக்கொடுத்ததே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிகளும் அவளிடம் கொடுத்து, 27 குச்சிகளைக் கேட்டுப் பாருங்கள். அவளே ஒரு கட்டைப் பிரித்து 12 உதிரிகளிலிருந்து 7-ஐ எடுத்துத் தந்தால், கருத்து புரிந்திருக்கிறது, எழுதும் முறைதான் பிடிபடவில்லை. தயங்கினால் இன்னும் சில நாள் குச்சிகளோடேயே இருக்கட்டும். "கடன் வாங்குதல்" என்ற சொல்லை அதுவரை தவிர்க்கலாம். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று குழந்தைகள் உண்மையாகவே குழம்புவார்கள்.

நடுவில் பூச்சியம் வரும் 502 போன்ற எண்களை மட்டும் இப்போதே கொடுக்காதீர்கள். அங்கே இரண்டு முறை பிரிக்க வேண்டியிருக்கும்.