சப்வூஃபரில் எது போயிருக்கிறது? பழுதுபார்ப்புக் கேள்வி-பதில்

பழைய சப்வூஃபரைப் பிரித்துப் புதுப் பாகம் போட்டு வீட்டிலேயே ஓடவைப்பது பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் "என்ன வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். "எது போயிருக்கிறது?" என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், முதல் கேள்விக்குப் பல நேரம் வேலையே இருக்காது.

கேள்வி: 10 அங்குல சப்வூஃபர், பதினைந்து வருடப் பழசு. கோனைச் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) சுற்றியுள்ள ஃபோம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. ஒலியைக் கூட்டினால் கரகரவென்று சத்தம். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரை, அதாவது வூஃபரையே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஓரத்தில் இருக்கும் பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரப்பதத்தாலேயே மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். பெட்டியை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும் இதே கதிதான். கோன், காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்), காந்தம் எல்லாம் நன்றாக இருக்க, இந்த வளையம் மட்டும் போயிருக்கும் வூஃபர்களே அதிகம்.

முதலில் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கைவிரல்களை வைத்து, சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். வழவழப்பாக உள்ளே போய்த் திரும்பினால் காயில் தப்பித்தது. உரசல் கேட்டால், ஃபோம் கிழிந்ததால் கோன் சாய்ந்திருக்கலாம். ஒரு பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி அழுத்தும்போது உரசல் நின்றுவிட்டால் அதுவும் நல்ல சேதிதான்.

புது ஃபோம் வாங்கும்போது "10 அங்குலம்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். கோனின் வெளிவிட்டம், ஃபோம் ஒட்டும் சட்டத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பழைய ஃபோம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா, பின்பக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுச் சுரண்டி எடுத்தவர்கள் அப்புறம் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஊறவைத்து எடுக்கலாம். பிளாஸ்டிக் கோன் என்றால் அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக் அதில் இளகிவிடும். காகிதக் கோனுக்கு வெள்ளை மரவேலைப் பசையே போதும். காய்ந்தபின் நிறம் தெரியாது, ஒட்டும்போது நகர்த்தி நேர்ப்படுத்தவும் நேரம் கிடைக்கும். பாலிபுரொப்பிலீன் கோனில் அந்தப் பசை பிடிக்காது. அதற்கென்று உள்ள ரப்பர் வகைப் பசை வேண்டும்.

ஃபோமை முதலில் கோனில் ஒட்டிக் காயவிடுங்கள், அதன் பிறகே சட்டத்தில் ஒட்டுங்கள். கோனை நடுவில் நிறுத்துவதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. கோனின் நடுவில் மூடியாக உள்ள டஸ்ட் கேப்பை வெட்டி எடுத்து, காயிலுக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் சுற்றிலும் செருகினால் காயில் அசையாமல் நிற்கும். டஸ்ட் கேப்பை வெட்ட மனமில்லை என்றால், பசை ஈரமாக இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த அளவில் ஓடவிட்டு, உரசல் இல்லாத இடத்தில் கோனை நிறுத்தலாம். முதல் வழிதான் நிச்சயமானது. ஒட்டியபின் ஒரு முழு நாள் தொடாதீர்கள்.

ஃபோமுக்குப் பதில் ரப்பர் போட்டால் நீண்ட நாள் உழைக்குமே என்று சிலர் நினைக்கிறார்கள். உழைக்கும். ஆனால் ரப்பர் கனம். அசையும் பகுதியின் எடையும் விறைப்பும் மாறினால் அந்தப் பெட்டிக்குப் பொருத்திய கணக்கும் மாறும். முதலில் ஃபோம் இருந்தது என்றால் ஃபோமையே போடுங்கள்.

கேள்வி: 4 ஓம் வூஃபர். மல்டிமீட்டர் 3.4 காட்டுகிறது. காயில் பழுதா?

பதில்: இல்லை, நலமாக இருக்கிறது. 4 ஓம் என்பது மாறுமின்னோட்டத்துக்குச் சொல்லும் பெயரளவு மதிப்பு. மீட்டர் அளப்பது நேர்மின்தடை, அது பொதுவாகக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 8 ஓம் வூஃபர் 6 சொச்சம் காட்டும். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம். ஆனால் தீர்ப்பு எழுதும் முன் முனையத்திலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பியைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஆடி ஆடி அது அறுந்துபோவது சகஜம். கோனை அசைக்கும்போது மீட்டர் எண் வந்து வந்து போனால் குற்றவாளி அதுதான். அதே வகைப் பின்னல் கம்பியை அதே நீளத்தில் சால்டர் செய்யுங்கள். சாதாரண ஒயர் போட்டால் சில நாளில் முறிந்துவிடும்.

கேள்வி: என் வூஃபரின் காயில் கருகிவிட்டது. பெட்டியும் உள்ளிருக்கும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) அப்படியே இருக்கின்றன. அதே அளவில் ஏதாவது ஒரு 10 அங்குல வூஃபர் வாங்கிப் போட்டால் சரிதானே?

பதில்: இரண்டு விஷயம் இருக்கிறது. உங்கள் கேள்வியில் இல்லாததை முதலில் சொல்கிறேன்.

காயில் ஏன் கருகியது? அளவுக்கு மீறிக் கூட்டி வைத்ததால் இருக்கலாம். ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, நேர்மின்னோட்டத்தை காயிலுக்குள் தள்ளியதாலும் இருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால், புது வூஃபரை மாட்டிய சில நொடிகளில் அதுவும் போய்விடும். ஆகவே வூஃபரை மாட்டாமல் ஆம்பை ஆன் செய்து, ஸ்பீக்கர் முனையங்கள் இரண்டுக்கும் நடுவே டிசி வோல்ட்டேஜை அளங்கள். மீட்டரின் ஒரு முனையை எர்த்தில் வைத்து அளக்காதீர்கள், சில ஆம்ப்களில் அது தவறான எண்ணைக் காட்டும். சில பத்து மில்லிவோல்ட் என்றால் பயமில்லை. வோல்ட் கணக்கில் வந்தால் முதலில் ஆம்பைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. அங்குலக் கணக்கு ஓட்டைக்கு மட்டும்தான் பொருந்தும். ஒலியைத் தீர்மானிப்பது வூஃபரும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து. ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதியவையும்தான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. வூஃபரின் விவரத்தாளில் எஃப்எஸ் (Fs, கோன் இயல்பாக அதிரும் அலைவெண்), க்யூடிஎஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு), விஏஎஸ் (Vas, வூஃபரின் விறைப்புக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். அவை தீல்-ஸ்மால் எண்கள். இவை இல்லாமல் விற்கப்படும் வூஃபரை நான் வாங்க மாட்டேன்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. விஏஎஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்குங்கள். விடை 0.7 பக்கம் வந்தால் ஒலி சமனாக இருக்கும். 1ஐத் தாண்டினால் ஒரே அலைவெண்ணில் மட்டும் ஒலி வீங்கும்.

உதாரணம் பாருங்கள். பெட்டி 30 லிட்டர். முதல் வூஃபரின் எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.4, விஏஎஸ் 60 லிட்டர். 60ஐ 30ஆல் வகுத்தால் 2, ஒன்று கூட்டினால் 3, அதன் வர்க்கமூலம் 1.73, பெருக்கினால் 0.69. அருமை. இரண்டாவது வூஃபரும் 10 அங்குலம்தான், ஆனால் எஃப்எஸ் 32, க்யூடிஎஸ் 0.65, விஏஎஸ் 90. விடை 1.3. சுமார் 75 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் மேடு எழும், அதற்குக் கீழே ஒலி சரசரவென்று சரியும். எல்லாப் பாட்டிலும் ஒரே "டொம் டொம்" கேட்கிறதே என்று புலம்புபவர்களின் பெட்டிக்குள் அநேகமாக இப்படிப்பட்ட ஜோடிதான் இருக்கும். இரண்டாவது வூஃபர் மட்டம் என்று அர்த்தமில்லை, அதற்கு இன்னும் பெரிய பெட்டி வேண்டும்.

பெட்டியின் கொள்ளளவை உள்பக்க அளவுகளில் கணக்கிடுங்கள். ஆம்ப், குறுக்குக் கட்டைகள், வூஃபரின் பின்பகுதி அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் ஆழம் பின்சுவரில் இடிக்காதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பல வருடம் ஆனதால் காந்தம் சோர்ந்துபோயிருக்குமா?

பதில்: கறுப்பு நிற ஃபெரைட் காந்தம் என்றால் கவலை வேண்டாம், உங்களைவிட அதிக நாள் இருக்கும். கீழே விழுந்த வூஃபர் வேறு கதை. அடியில் காந்தம் ஒட்டிய இடத்திலிருந்து நகர்ந்து, காயில் ஒரு பக்கம் சிக்கிக்கொள்ளும். அதை வீட்டில் நேர்ப்படுத்துவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

கேள்வி: சிக்னல் கொடுக்காதபோதும் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். கெப்பாசிட்டர் மாற்றினால் போய்விடும் என்கிறார் நண்பர். நானே மாற்றலாமா?

பதில்: முதலில் சிக்னல் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் ஆம்ப் குற்றமற்றது. கேபிளோ, இரண்டு கருவிகளின் எர்த் வேறுபாட்டால் வரும் கிரவுண்ட் லூப்போதான் காரணம். இதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயிரோடு விளையாடும் காரியம் அது.

பிடுங்கியபின்னும் சத்தம் நிற்கவில்லை என்றால் நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம். காது பழகியவர்களுக்கு ஒரு அடையாளம்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கிரவுண்ட் லூப் 50இல் கனமாக முனகும். வடிகட்டும் கெப்பாசிட்டர் காய்ந்தால் வரும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கூர்மையாக இருக்கும். தலை உப்பிய, அடியில் கசிந்த கெப்பாசிட்டர்கள் கண்ணுக்கே தெரியும். பெரிய பாகங்கள் அதிராமலிருக்க போர்டில் ஊற்றியிருக்கும் பசை பழுப்பாகிக் காய்ந்திருந்தால் அதையும் சுரண்டி எடுங்கள். சில வகைப் பசை வருடங்கள் போனபின் மின்சாரத்தைக் கடத்தவும், கால்களை அரிக்கவும் தொடங்கிவிடும்.

பிளக்கைப் பிடுங்கியபின்னும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்றால், 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை, உறை போட்ட கம்பி இணைத்து, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் அரை நிமிடம் வைத்து வடியுங்கள். மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வது வீரம் அல்ல. டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக, சுவிட்ச் மோடு சப்ளை என்றால் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்க வாய்ப்புண்டு. அனுபவமில்லாதவர்கள் அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

மாற்றும் கெப்பாசிட்டரின் மைக்ரோஃபேரட் அதே அளவாகவும், வோல்ட் அதே அல்லது மேலாகவும் இருக்கட்டும். 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகை வாங்குங்கள். கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிளஸ்-மைனஸ் குழப்பம் வராது. முதல்முறை ஆன் செய்யும்போது, பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் போட்ட சீரிஸ் லாம்ப் வழியாகக் கொடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், எங்கோ ஷார்ட்.

கேள்வி: வாங்கிய புது வூஃபரில் இரட்டைக் காயில், 4+4 ஓம். ஆம்பில் "குறைந்தது 4 ஓம்" என்று போட்டிருக்கிறது. ஒரு காயிலை மட்டும் இணைத்தால் போதுமா?

பதில்: போதாது. ஒரு காயில் சும்மா கிடந்தால் கோனைக் கட்டுப்படுத்தும் விசை குறைந்து க்யூடிஎஸ் எகிறும், மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். இரண்டையும் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம், ஆம்ப் சூடாகிச் செத்துவிடும். தொடரில் போட்டால் 8 ஓம். ஆம்பிலிருந்து வரும் சக்தி ஏறக்குறைய பாதியாகும், அதாவது 3 டெசிபல் குறையும். அது பெரிய இழப்பில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமென்றால் 2+2 வாங்கித் தொடரிலோ, 8+8 வாங்கிப் பக்க இணைப்பிலோ போட்டால் சரியாக 4 ஓம் கிடைக்கும்.

கேள்வி: தண்ணீர் பட்டு எம்டிஎஃப் பெட்டி உப்பிவிட்டது. பிளைவுட்டில் புதிதாகச் செய்கிறேன். பழையது 12 மில்லிமீட்டர், நான் 18 போடலாமா? பெட்டியின் துளையில் பொருத்தும் காற்றுக் குழாயை (போர்ட்) எப்படித் தீர்மானிப்பது?

பதில்: 18 நல்லது, பெட்டி அதிராது. ஆனால் வெளி அளவை அப்படியே வைக்காதீர்கள். 40 சென்டிமீட்டர் கனசதுரம் என்றால், 12 மில்லிமீட்டர் பலகையில் உள்ளே 53 லிட்டர் வரும், 18இல் 48தான். உள் அளவை வைத்துக்கொண்டு வெளியே பெரிதாக்குங்கள்.

பழைய குழாய் கையில் இருந்தால், உள் கொள்ளளவு மாறாதவரை, அதையே பொருத்திவிடுங்கள். புதிதாக என்றால் விட்டத்துக்கும் நீளத்துக்கும் நடக்கும் இழுபறியைப் புரிந்துகொள்ளுங்கள். 50 லிட்டர் பெட்டியை 30 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய (குழாய்க் காற்று அந்த அலைவெண்ணில் ஒத்ததிர), 7.5 சென்டிமீட்டர் குழாய் என்றால் சுமார் 24 சென்டிமீட்டர் நீளம் போதும். 10 சென்டிமீட்டர் குழாய் என்றால் 45 தேவை. சின்னக் குழாய் இடம் அடைக்காது, ஆனால் சத்தமாக வைத்தால் காற்று "புஸ் புஸ்" என்று கேட்கும். இடம் இருந்தால் நான் பெரியதையே எடுப்பேன், தேவைப்பட்டால் எல் வடிவில் வளைத்து.

ட்யூன் செய்த அலைவெண்ணுக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இருக்காது, ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆம்பில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அலைவெண்களை வெட்டும் வடிகட்டி) இருந்தால் ஆன் செய்துவிடுங்கள்.

கேள்வி: தரையைப் பார்த்து ஒலிக்கும் சப்வூஃபர். எந்த வூஃபரையும் அப்படிப் பொருத்தலாமா?

பதில்: எடையால் கோன் தொங்கும். எவ்வளவு என்பதை எஃப்எஸ்ஸை வைத்தே சொல்லிவிடலாம்: 248ஐ எஃப்எஸ்ஸின் வர்க்கத்தால் வகுத்தால் மில்லிமீட்டர் வரும். 20 ஹெர்ட்ஸ் என்றால் 0.6 மில்லிமீட்டர். கோனின் ஓட்டம் ஒரு பக்கம் 12 மில்லிமீட்டர் உள்ள வூஃபருக்கு இது பொருட்டே இல்லை. 4 மில்லிமீட்டர்தான் ஓடும் என்றால் யோசிக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. சப்வூஃபரை மட்டும் தனியாகக் கேட்டால் பிரமாதம். மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்த்தால் பேஸ் குறைகிறது!

பதில்: துருவம் மாறியிருக்கும். வூஃபரின் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை வூஃபரின் பிளஸ்ஸில் ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் முனையக் குறி தப்பு, மாற்றி இணையுங்கள். அது சரியாக இருந்தால் ஆம்பில் உள்ள ஃபேஸ் (phase) சுவிட்சை 0விலும் 180யிலும் வைத்துப் பாருங்கள். கிராஸ்ஓவர் (சப்வூஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்றால் அதே 80 ஹெர்ட்ஸ் ஒலியை எல்லா ஸ்பீக்கர்களிலும் சேர்த்து ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் எந்த நிலையில் சத்தம் அதிகமோ அதில் விட்டுவிடுங்கள். இரண்டிலும் வித்தியாசமே இல்லையென்றால் சப்வூஃபரை அரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.