உள்ளே 240, வெளியே 112: குனூ ரேடியோ கேள்வி-பதில்

குனூ ரேடியோ என்பது வானொலி சிக்னலைக் கணினியில் கையாளும் மென்பொருள். சிக்னலை அளந்தெடுத்த எண்கள்தான் சாம்பிள்கள், அவற்றை வாங்கி வேலை செய்து அடுத்ததற்குக் கொடுக்கும் துண்டுதான் பிளாக்.

எஃப்எம் ரிசீவரில் செக்கனுக்கு 2,40,000 சாம்பிளை 48,000 ஆகக் குறைக்க வேண்டும். உள்ளே-வெளியே கணக்கை நாமே வைத்துக்கொள்ளும் பேசிக் பிளாக் எழுத வேண்டுமா? (அட்டன்)

வேண்டாம். ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கு மாறாது, நிலையான விகிதத்தில் குறைக்கும் டெசிமேட்டர் போதும். தேயிலை ஃபாக்டரியில் நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பார்களே, அதுகூட மழைநாளில் மாறும், இது மாறாது. வடிகட்டாமல் ஐந்தில் நாலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

விமான சிக்னலைப் பிரிக்கும் பிளாக், அதே செய்தியை ஓயாமல் துப்புகிறது. லேப்டாப் விசிறி அலறுகிறது. (பண்டாரவளை)

இத்தனை சாம்பிளைப் படித்து முடித்துவிட்டோம் (தின்றுவிட்டோம்) என்று சொல்லும் கன்ஸ்யூமை அழைக்க மறந்திருப்பீர்கள். நானும் ஒருநாள் அப்படித்தான், ஒரே விமானம் திரை முழுக்க ஓடுவதைப் பார்த்து அடுப்பில் தேத்தண்ணியைத் தீய விட்டேன். ஒன்றுக்கு ஒன்று என்று ஓடும் சிங்க் (sync) பிளாக்கில் இதை, பிளாக்குகளை ஓட்டும் ஷெட்யூலரே பார்த்துக்கொள்ளும். பேசிக் பிளாக்கில் எத்தனை சாம்பிள் தின்றோம் என்று கன்ஸ்யூமிலும், எத்தனை எழுதினோம் என்று ரிட்டர்னிலும் நாம்தான் சொல்ல வேண்டும். பழைய பிளாக்கில் இருந்து ரிட்டர்ன் வரியைக் காப்பி அடித்தால், வெளி பஃபரின், அதாவது எழுதக் கொடுத்த தற்காலிக இடத்தின், முழு நீளத்தையும் சொல்லிவிடுவீர்கள். எழுதாத இடத்துக் குப்பையும் சேர்ந்து போகும்.

சில செய்திகள் விடுபடுகின்றன. பீதுருதலாகலை மறைக்கிறதா? பதிவு செய்த கோப்பை இரண்டு தடவை ஓட்டினால் வேறு வேறு செய்திகள் காணாமல் போகின்றன. (நுவரெலியா)

மலையைத் திட்டாதீர்கள், உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. கோப்பு ஒன்றுதான், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவது சாம்பிள்கள் பஃபர் பஃபராக வெட்டுப்படும் இடம்தான்.

விமானத்தின் நீளமான செய்தியில், தொடக்கத்தைக் காட்டும் முன்குறி 8 மைக்ரோசெக்கன், 112 பிட்டுக்கு 112 மைக்ரோசெக்கன். செக்கனுக்கு 20 இலட்சம் சாம்பிள் என்றால் மொத்தம் 240 சாம்பிள். கையில் 4096 வந்து, செய்தி 4000-இல் தொடங்கினால் 96 சாம்பிள்தான் இருக்கும். முழுவதையும் தின்றுவிட்டால் மீதி அடுத்த தடவை தலையில்லாமல் வரும். 4000 மட்டும் தின்னுங்கள். அந்த 96-உம் அடுத்த அழைப்பில் முதலில் வந்து நிற்கும். முன்குறியே கிடைக்காவிட்டாலும் கடைசி 239-ஐ விட்டுவையுங்கள். அப்புறம், உள்ளே எத்தனை சாம்பிள் வேண்டும் என்று ஷெட்யூலருக்குச் சொல்லும் ஃபோர்காஸ்டில் குறைந்தது 240 கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த 239-ஐ வைத்துக்கொண்டே பிளாக் சும்மா சுற்றும். ஒரு செய்திக்கு 112 பிட் எழுதுவதால், வெளியே 112-இன் மடங்காக இடம் கிடைக்க செட் அவுட்புட் மல்டிபிள் இருக்கிறது. அந்த இடமும் நிரம்பினால் அதுவரை பார்த்ததை மட்டும் தின்றுவிட்டுத் திரும்புங்கள்.

சாம்பிள்களில் ஒட்டும் குறிப்புகளான டேக்குகள் இடம் மாறி நிற்கின்றன. (பதுளை)

விகிதம் நிலையாக இல்லாதபோது ஷெட்யூலரால் சரியான இடத்தைக் கணிக்க முடியாது. டேக் கடத்தலை நிறுத்திவிட்டு, இதுவரை எழுதிய எண்ணிக்கையோடு வெளி பஃபரில் செய்தியின் இடத்தைக் கூட்டி நீங்களே ஒட்டுங்கள்.