முக்கோண ஜன்னல் வைத்த விமானம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, இத்துடன் வைத்திருக்கும் படத்தில் நிற்பவர் என் தாத்தா. மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு முதன்முதலாக விமானத்தில் வந்தபோது எடுத்தது, 1959 என்று பாட்டி சொல்கிறார். விமானத்தின் பெயரோ எண்ணோ படத்தில் விழவில்லை. தாத்தாவின் தோளுக்குப் பின்னால் மூன்று ஜன்னல்கள் மட்டும் தெரிகின்றன. இதை வைத்து என்ன விமானம் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, சயான் கோலிவாடா

பதில்: மூன்று ஜன்னல் தாராளமாகப் போதும் அம்மா. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த ஜன்னல்கள் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. கீழே அகலம், மேலே குறுகல், மூலைகள் மட்டும் வழவழவென்று மழுக்கியிருக்கும். முக்கோணம். அந்தக் காலத்தில் நம் ஊர் வானத்தில் பறந்த பயணிகள் விமானங்களில் இப்படி ஜன்னல் வைத்தது ஒன்றே ஒன்றுதான்: பிரான்ஸில் செய்த காரவெல். ஜன்னல் சின்னதாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே தரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று அப்படி வடிவமைத்தார்கள். எஞ்சின் இரண்டும் இறக்கையில் இருக்காது, வாலுக்கு முன்னால் உடம்போடு ஒட்டியிருக்கும்.

இப்போது வருஷம். இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல்லை ஓட்ட ஆரம்பித்தது 1964-ல். அதனால் இந்தப் படம் 1959 ஆக இருக்க வழியே இல்லை. 1964-லோ அதற்குப் பிறகோதான் எடுத்திருக்க வேண்டும்.

பாட்டியிடம் போய் 'நீங்கள் சொன்னது தப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். 1959-ல் வேறொரு பயணம் நடந்திருக்கலாம், இந்தப் படம் அடுத்த பயணத்தில் எடுத்ததாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். தாத்தா முதலில் வந்த ஃப்ளைட்டில் இறக்கையில் நாலு காற்றாடி சுற்றியதா, ஜன்னல் முட்டை வடிவத்தில் பெரிதாக இருந்ததா என்று. ஆமாம் என்றால் அது வைகவுண்ட். இந்தியன் ஏர்லைன்ஸில் 1957-லிருந்து ஓடியது. அப்படியானால் பாட்டி சொன்ன வருஷமும் சரி, உங்கள் படமும் சரி. பதில் வந்ததும் எனக்கு அவசியம் எழுதுங்கள்.

இந்த ஜன்னலை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் அப்பா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. விமானத்தின் மேல் எழுதியிருப்பது அவருக்கு வெறும் கோலம். அதனால் எல்லாவற்றையும் உருவத்தை வைத்தே சொல்வார், பெயரும் அவரே வைத்திருந்தார். காரவெல் 'முக்கோணக் கண்ணி'. ஜம்போ, அதாவது போயிங் 747, 'திமில்'. ஏர்பஸ் ஏ300 'குண்டன்'. எழுத்துப் படித்த மற்றவர்கள் வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ணைத் தேடும்போது, அப்பா தூரத்திலேயே சொல்லிவிடுவார். நாற்பது வருஷமாக நான் செய்வதும் அதேதான்.

கேள்வி: அப்பாவின் ஆல்பத்தில் கிடைத்த வண்ணப் படம் இது. இந்தியன் ஏர்லைன்ஸ் என்று ஆரஞ்சு நிறத்தில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக் காலிலும் நாலு சக்கரம் எண்ண முடிகிறது. நாலு சக்கரம் என்றால் பெரிய விமானம், ஏர்பஸ் ஏ330 என்கிறான் என் பையன். நான் ஏ320 என்கிறேன். யார் சொல்வது சரி?
– வாசகர், டோம்பிவிலி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி ஐயா. ஆனால் பையன் போட்ட கணக்கிலும் குறை இல்லை. உலகத்தில் எங்கே பார்த்தாலும் ஏ320-க்கு ஒரு காலுக்கு இரண்டு சக்கரம்தான். இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-லிருந்து வாங்கிய ஏ320-களுக்கு மட்டும் ஒரு காலுக்கு நாலு சக்கரம் வைத்துச் செய்யச் சொன்னார்கள். நம் ஊர்களில் பல ஓடுபாதைகள் அவ்வளவு கனம் தாங்காது. சக்கரம் கூடினால் கனம் பிரிந்து இறங்கும். மாட்டு வண்டியில் பாரம் கூடினால் அகலப் பட்டை போட்ட சக்கரம் மாட்டுவார்களே, அந்த யோசனைதான். அதனால் நாலு சக்கர ஏ320-ஐப் படத்தில் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு 'இது நம்மளுது' என்று சொல்லலாம்.

பையனுக்குக் காட்ட இன்னொரு அடையாளமும் உண்டு. இறக்கைக்கு நேர் மேலே ஜன்னல் வரிசையில் இரண்டு சின்னக் கதவுகளின் கோடு தெரிகிறது பாருங்கள். அவசரத்தில் இறக்கை மேல் ஏறி வெளியே வரும் வழி அது. ஏ330-க்கு அங்கே கதவே கிடையாது.

2005 கடைசியில் அந்த நிறுவனம் பெயரை 'இந்தியன்' என்று சுருக்கிக்கொண்டது. உங்கள் படத்தில் முழுப் பெயர் இருப்பதால் பெரும்பாலும் 1989-க்கும் 2005-க்கும் நடுவில் எடுத்திருக்க வேண்டும்.

படத்தின் வால் பக்கத்தில் விமானத்தின் பதிவு எண்ணில் வி.டி. இ.பி. வரை எழுத்து தெரிகிறது, கடைசி எழுத்து நிழலில் போய்விட்டது. அது எனக்குப் பெரிய விஷயம். 1984 முதல் 1991 வரை நான் எண் குறித்து வைத்த நோட்டுகள் எங்கள் குர்லா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் இருந்தன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் பெட்டியைத் திறந்தால் நீல மை முழுக்கக் கரைந்து, தாளெல்லாம் ஒரே பாளமாக ஒட்டிக் கிடந்தது. நாலு சக்கர ஏ320-கள் முதலில் வந்த வருஷங்கள் அத்தனையும் அதற்குள்தான். உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் படங்களிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி வருகிறேன். ஒரிஜினல் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

கேள்வி: ஜம்போ ஜெட்டை இனி பார்க்கவே முடியாதா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: பார்க்கலாம், சரக்கு விமானமாக இன்னும் பறக்கிறது. ஆனால் போயிங் புதிதாகச் செய்வதில்லை. 1,574 செய்தார்கள், கடைசி ஒன்றை 2023 ஜனவரியில் கொடுத்தார்கள். ஏர் இந்தியாவிடம் இருந்தவை விற்றுப்போய், 'ஆக்ரா' என்று பெயர் வைத்த விமானம் 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையை விட்டுக் கிளம்பியது. மேலே ஏறும்போது இறக்கையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சாய்த்து விடைபெற்றது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அப்பா இருந்திருந்தால் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்திருப்பார். அந்தத் திமிலுக்குக் காரணமே சரக்குதான். மூக்கைத் தூக்கித் திறந்து சாமான் ஏற்ற வசதியாக விமானி அறையை மாடிக்குக் கொண்டுபோனார்கள்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவோடு விமான நிலையச் சுவர்ப் பக்கம் போய்விடுகிறான். போலீஸ் பிடித்துவிடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். இது சட்டப்படி சரியா?
– வாசகி, செம்பூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. விமான நிலைய எல்லைக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்க 1937-ஆம் வருஷத்து விமான விதிகளிலேயே தடை இருக்கிறது. ராணுவம் பயன்படுத்தும் தளம் என்றால் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. புனேயும் கோவாவின் டாபோலிமும் அப்படிப்பட்டவை, பயணிகள் போய் வரும் இடம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டில் இதே பொழுதுபோக்கு உள்ள 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் ராணுவத் தளத்தில் வேவு பார்த்ததாகப் பிடித்தார்கள். தண்டனையும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலை ஆக ஒரு வருஷம் பிடித்தது.

எனக்கும் 1998-ல் ஒன்று நடந்தது. ரோட்டோரம் நின்று எண் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு கான்ஸ்டபிள் வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கம் பக்கமாக எழுத்தும் தேதியும்தான். சங்கேத மொழி என்று நினைத்துவிட்டார். நான் பதறாமல், "சாகேப், அடுத்து வர்ற ஃப்ளைட்டோட வாலைப் பாருங்க, நான் எழுதுறேன், நீங்க சரிபாருங்க" என்று மராட்டியில் சொன்னேன். நாலு விமானம் இறங்கிய பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மகனிடம் சொல்லுங்கள். பொது இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி நிற்கட்டும். சுவர், வேலி, அடுத்தவர் மொட்டை மாடி எதிலும் ஏறக் கூடாது. அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். போகச் சொன்னால் வாதாடாமல் அந்த நிமிஷமே நடையைக் கட்டட்டும். ஒரு நாள் நீங்களும் கூடப் போய் வாருங்களேன், பயம் பாதி தெளிந்துவிடும்.

கேள்வி: ஆன்ட்டி, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு மேலேயேதான் ஃப்ளைட் இறங்கும். என்னிடம் கேமரா இல்லை, அண்ணன் போனில் எடுப்பேன். எனக்கு ஏர்பஸ் ஏ320, போயிங் 737 இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– மாணவன், ஜரிமரி, குர்லா

பதில்: தம்பி, இந்த நகரத்தில் உன்னைவிட நல்ல இடத்தில் வீடு யாருக்கும் கிடையாது. கேமரா பிறகு வரட்டும், முதலில் கண் பழகட்டும்.

கலரைப் பார்க்காதே, கம்பெனி பெயரைப் படிக்காதே. பெயின்ட் மாறும். ஒரே கம்பெனி இரண்டு வகையும் வைத்திருக்கும், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 737-ம் உண்டு, ஏ320-ம் உண்டு. முதலில் இறக்கை, பிறகு எஞ்சின், பிறகு உடம்பு, கடைசியில் வால். இரண்டாம் உலகப் போரில் வருவது நம் விமானமா எதிரி விமானமா என்று கண்டுபிடிக்க வெறும் கறுப்பு நிழல் படங்களை வைத்துப் பழக்கினார்கள். அப்போதிருந்து வரும் வரிசை இது.

737-ன் வாலைப் பக்கத்திலிருந்து பார். நிமிர்ந்த வால் முதுகைத் தொடும் இடத்தில் முன்பக்கமாக ஒரு சரிவு நீண்டிருக்கும், ஆல மரத்து வேர் அடிமரத்தோடு சேரும் இடம் மாதிரி. ஏ320-க்கு அது கிடையாது, வால் நேராக நட்டு வைத்த மாதிரி இருக்கும். அடுத்து மூக்கு. 737-க்குக் கூர், ஏ320-க்கு உருண்டை. எஞ்சினை முன்னாலிருந்து பார்த்தால் 737-ன் வாய் முழு வட்டமாக இருக்காது, அடியில் தட்டியிருக்கும். விமானம் தரைக்கு ரொம்பக் கிட்டே நிற்பதால் அப்படிச் செய்தார்கள். 737 மேக்ஸ் என்றால் எஞ்சினின் பின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும், இறக்கை நுனி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிரிந்திருக்கும். ஆகாசா ஏர் ஓட்டுவது அதைத்தான்.

737-க்குச் சக்கரத்தை முழுதாக மூடும் கதவு கிடையாது, வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டம் தெரியும் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உன் வீட்டுக்கு மேலே பெரும்பாலும் இறங்கும் ஃப்ளைட்தான் வரும், சக்கரம் கீழே தொங்கும். அதனால் அந்த அடையாளம் உனக்கு உதவாது. காற்று மாறி, கிழக்குப் பக்கமாக ஏறிப் போகும் நாளில் மட்டும் தேடு.

தொங்கும் சக்கரத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஒரு காலுக்கு எத்தனை என்று எண்ணு. இரண்டு என்றால் ஏ320 அல்லது 737. நாலு என்றால் 787, ஏ330, ஏ350-900. ஆறு என்றால் 777 அல்லது ஏ350-1000. ஏ350-க்கு விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்பாக மை தீட்டியிருக்கும், 777-க்கு இருக்காது. எங்கள் காட்கோபர் வீட்டு ஜன்னலுக்கு நேரே ஏறக்குறைய 500 அடி உயரத்தில் போகும்போதே நான் எண்ணிவிடுவேன். உனக்கு இன்னும் சுலபம்.

போனில் எடுக்கும்போது ஜூம் பண்ணாதே, படம் கலங்கும். நீ நிற்கும் இடத்துக்கு நேர் மேலே வரும்போது எடுத்தால் வயிறு மட்டும் கறுப்பாக விழும். அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ, பக்கவாட்டில் எடு. குளிர்காலத்தில், விமானம் வரும் வழிக்குத் தெற்குப் பக்கம் நின்றால் வெயில் உன் முதுகில் இருக்கும். பதினொரு மணிக்கு மேல் தரையிலிருந்து சூடு கிளம்பி எல்லாம் நெளியும், அதனால் காலையிலேயே போ. பள்ளி நாளில் வேண்டாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தேதி, நேரம், நீ என்னவென்று நினைத்தாய், எதைப் பார்த்து அப்படி நினைத்தாய். அந்த நாலாவதைக் கட்டாயம் எழுத வேண்டும். பத்து விமானம் எழுதியதும் படங்களோடு எனக்கு அனுப்பு. பால் பாயின்ட் பேனாவில் எழுது, மை பேனா வேண்டாம்.