ஃபார்மேட் செய்யும் முன்: வீட்டுக் கணினி பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்கள் பலவற்றில், "ஃபார்மேட் போட்டால்தான் சரியாகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்" என்ற வரி இடம்பெற்றிருந்தது. ஃபார்மேட் என்பது வன்தட்டில், அதாவது ஹார்டு டிஸ்கில், உள்ளவற்றைத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது. தேய்ந்த மின்கலத்தையும் அழுக்கேறிய இணைப்பையும் அது சரிசெய்யாது. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே வீட்டாரின் கோப்புகளைப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் மேசைக் கணினிக்கு எட்டு வயதாகிறது. தினமும் காலையில் போட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கிறது. வங்கியின் தளத்தைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானது அன்று என்ற எச்சரிக்கை வருகிறது. வைரஸ் புகுந்துவிட்டது, ஃபார்மேட் செய்ய வேண்டும் என்கிறார் பழுதுபார்க்க வந்தவர். பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம், ஐயா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: ஃபார்மேட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் ஒரே காரணத்தால் வருபவை. வங்கி போன்ற தளங்கள் ஒவ்வொன்றும் தம்மை அடையாளம் காட்ட ஒரு மின்சான்றிதழை வைத்திருக்கின்றன; அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பது அதிலேயே பதிந்திருக்கும். உலாவி, அதாவது பிரவுசர், அந்த நாள்களை உங்கள் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கடிகாரம் எட்டு ஆண்டுகள் பின்னால் நின்றால், இன்று செல்லுபடியாகும் சான்றிதழ்கூட அதற்கு இன்னும் தொடங்காத சான்றிதழாகவே தெரியும். எனவே எச்சரிக்கை வருகிறது. முதலில் தேதியைக் கையால் திருத்திவிட்டு வங்கித் தளத்தைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை மறைந்தால் காரணம் உறுதியாகிவிடும்.

கடிகாரம் ஏன் பின்வாங்குகிறது என்றால், தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், ஒரு ரூபாய் நாணயத்தைப் போன்ற வட்ட மின்கலம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் லித்தியம் வகை. சுவரிலிருந்து மின்சாரம் வராதபோதும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க அதுதான் காரணம். இரவில் சுவிட்ச் போர்டையே அணைத்துவிடும் நல்ல பழக்கமுள்ள வீடுகளில் கடிகாரத்தின் சுமை முழுவதும் அந்தச் சிறு மின்கலத்தின்மீது விழுவதால், அது சற்று முன்னதாகவே தேய்ந்துவிடும். எட்டு ஆண்டுகள் தாங்கியதே பெரிது.

இதை நீங்களே மாற்றலாம். கணினி இயங்கும் நிலையில் இருக்கும்போது, தொடக்கத்தில் வரும் அமைப்புத் திரைக்குள், அதாவது பயாஸ் செட்டப்புக்குள், சென்று ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்கலத்தை எடுத்ததும் சில கணினிகளில் அந்த அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, வன்தட்டை எந்த முறையில் படிக்க வேண்டும் என்பதும் மாறி, விண்டோஸ் ஏற மறுக்கக்கூடும். அப்போது இந்தப் படங்கள் கைகொடுக்கும். பிறகு கணினியை முறையாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியைப் படுக்க வைத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பெட்டியின் வெற்று உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, மின்கலத்தின் ஓரத்தில் உள்ள சிறிய உலோகக் கொக்கியை நகத்தால் மெதுவாகத் தள்ளினால் மின்கலம் தானாக எழும்பி வரும். கூட்டல் குறியுள்ள பக்கம் எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ, புதியதையும் அப்படியே வைத்து அழுத்துங்கள்.

பேரப்பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழற்றிய பழைய மின்கலத்தை மேசைமீது விட்டுவிடாதீர்கள். கடிகாரத்தை ஓட்ட முடியாத அளவுக்குத் தேய்ந்த மின்கலமும், குழந்தை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும் அளவு சக்தியை வைத்திருக்கும். இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

தேதியைத் திருத்திய பின்பும், புதிய மின்கலம் போட்ட பின்பும் வங்கித் தளத்தில் அதே எச்சரிக்கை வந்தால், அதை ஒருபோதும் மீறிச் செல்லாதீர்கள். அப்போது வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் இரண்டு மாதம் மூடி வைத்திருந்த கணினியை இப்போது போட்டால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. உள்ளிருந்து விட்டுவிட்டு ஓர் ஒலி மட்டும் கேட்கிறது. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?
(கல்லூரி மாணவி, பொள்ளாச்சி)

பதில்: அப்படியும் இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. மானிட்டர் கேபிள் இரு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா, தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் கேபிள் அந்த அட்டையில்தான் செருகப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். விட்டுவிட்டுக் கேட்கும் ஒலி ஒரு நல்ல செய்தி. கணினி தன்னைத்தானே சோதித்து, எதையோ காணவில்லை என்று சொல்லும் அளவுக்கு உயிரோடு இருக்கிறது என்பது அதன் பொருள். அந்த ஒலியின் கணக்கு ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும் என்றாலும், நெடுநாள் ஈரக்காற்றில் கிடந்த கணினியில் நான் முதலில் சந்தேகப்படுவது நினைவகத்தை, அதாவது ரேமை.

மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு, ரேம் பட்டையின் இரு ஓரத்திலும் உள்ள பிடிகளை வெளிப்புறமாகத் தள்ளி அதை எடுங்கள். அடிப்பக்கத்தில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள் தெரியும். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பளபளக்க வேண்டிய அந்தப் பற்களின் மேல் மூச்சுப் பட்ட கண்ணாடியைப் போல ஒரு மங்கல் படிந்திருப்பதைக் காணலாம். பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான வெள்ளை அழிப்பானால், மேலிருந்து கீழாக, ஒரே திசையில், அழுத்தாமல் தேயுங்கள். நான்கைந்து இழுப்பிலேயே அழிப்பான் கறுத்து, பற்கள் பளிச்சிடும். உதிரும் துகள்களை மென்தூரிகையால் துடைத்துவிடுங்கள்; துகள் செருகுமிடத்துக்குள் விழுந்தால் செய்த வேலை வீணாகும். உப்புத்தாளும் மை அழிக்கும் சொரசொரப்பான அழிப்பானும் பொன்பூச்சையே சுரண்டிவிடும் என்பதால் அவை கூடாது. பட்டையைத் திரும்பச் செருகும்போது இருபுறமும் பிடிகள் "டக்" என்று விழும்வரை அழுத்த வேண்டும். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். இத்தனைக்குப் பிறகும் திரை வெறுமையாகவே இருந்தால் அதைக் கடைக்குக் கொண்டுபோவதுதான் முறை.

கேள்வி: திடீரெனத் திரை முழுவதும் சிவப்பாகி, அபாயச் சங்கு போன்ற ஒலியுடன், கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழைக்கவும் என்று வந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?
(இல்லத்தரசி, திருச்சி)

பதில்: அது ஓர் இணையப் பக்கம் மட்டுமே, உங்கள் கணினி முடங்கவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்தியில் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்வதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் உலாவியைத் தேர்ந்து நிறுத்திவிடுங்கள். மறுபடி உலாவியைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரேனும் அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை நிறுவி, பணமும் போயிருந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு உடனே வங்கிக்கும், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கேள்வி: 2017-இல் வாங்கிய மடிக்கணினி, 4 ஜி.பி. ரேம், விண்டோஸ் 10. திறந்து வேலை தொடங்கப் பத்து நிமிடம் ஆகிறது. இருமுறை ஃபார்மேட் செய்தும் சில வாரங்களில் பழையபடி ஆகிவிட்டது. புதிது வாங்கிவிடலாமா?
(அச்சகம் நடத்துபவர், மதுரை)

பதில்: மேலே சொன்ன டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் அது 100 சதவீதத்தைத் தொட்டபடியே நின்றால், நெரிசல் வன்தட்டில்தான். உங்கள் மடிக்கணினியில் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டாக இருக்கும். ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ 11 மில்லி விநாடி ஆகும். படிக்கும் முனை வேறு இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளில் விநாடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே அதற்கு அரிது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை. சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே வேலையைப் பல மடங்கு விரைவாக முடிக்கும். இருப்பதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்குப் படியெடுத்து மாற்றி, ரேமையும் 8 ஜி.பி. ஆக்கினால், அச்சகக் கணக்கும் கடிதமும் எழுத இந்த மடிக்கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் செய்துள்ளது. 2017-ஆம் ஆண்டு மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. எனவே அதில் வங்கி வேலை செய்பவராக இருந்தால், எஸ்.எஸ்.டி. போடும்போதே லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். அச்சக மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுமென்றால், வங்கி வேலையை வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளி வன்தட்டை இணைத்தால் "டிக், டிக்" என்ற சத்தம் வருகிறது. படங்கள் திறக்கவில்லை. எந்த மென்பொருளால் மீட்கலாம்?
(புகைப்படக் கலைஞர், கோவில்பட்டி)

பதில்: எந்த மென்பொருளாலும் வேண்டாம். உடனே கழற்றிவிடுங்கள். வன்தட்டின் படிக்கும் முனை தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அது வழி தெரியாமல் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கு வந்து மோதும் ஒலியே நீங்கள் கேட்பது. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் தட்டு கீறப்படலாம். பல ஆண்டுகளுக்கு முன் மேசையிலிருந்து விழுந்த என் வன்தட்டை, ஒருமுறை வந்துவிடாதா என்று ஓர் இரவு முழுக்க இணைத்தும் கழற்றியும் பார்த்தேன். மறுநாள் மீட்பு மையத்தில் திறந்து காட்டியபோது தட்டின்மேல் வட்டமாக ஒரு கீறல் இருந்தது. என் அம்மாவின் குரல் பதிவுகள் அதோடு போயின. தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு மையத்துக்கு அப்படியே கொண்டுசெல்லுங்கள். செலவு அதிகம்தான், ஆனால் வாடிக்கையாளரின் திருமணப் படங்களை மறுபடி எடுக்க முடியாதல்லவா.

கேள்வி: காலஞ்சென்ற அப்பா 2001 முதல் கணினியில் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டன, அழித்துவிடலாம் என்கிறான் தம்பி.
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: அழிக்க வேண்டாம், அம்மா. அப்பாவின் எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. அன்று பலரும் பயன்படுத்திய பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்திலேயே தமிழ் எழுத்துகளின் வடிவத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். கோப்பில் பதிவாகியிருப்பது ஆங்கிலக் குறிகள்; எழுத்துரு இருந்தால் அவை தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் உள்ளபடி ஆங்கிலமாகவே தெரியும். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பாமினியில் அரைப்புள்ளிக் குறியைப் பயன்படுத்துவதால்தான் பக்கம் முழுக்க அரைப்புள்ளிகள் தெரிகின்றன. உங்கள் கோப்பு பாமினிதான் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

முதலில் எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவ்களில் படியெடுத்துவிட்டு, மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. இன்றைய வேர்டு மென்பொருள் வரியின் முதல் எழுத்தைத் தானாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றக்கூடும். பாமினியில் சிறிய எழுத்து "ம" என்றால், அதே விசையின் பெரிய எழுத்து "மு". அப்பா "மகள்" என்று தொடங்கிய வரியை அந்த வசதி "முகள்" ஆக்கிவிடும். எனவே தானியங்கித் திருத்தத்தை நிறுத்திய பிறகே நகல்களைத் தொடுங்கள்.

பாமினி எழுத்துருவை நிறுவினால் கடிதங்களை உடனே படிக்கலாம். நெடுங்காலம் நிலைக்க, பாமினியிலிருந்து, இன்றைய கணினிகளின் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் ஒரு கடிதத்தை மட்டும் முதலில் மாற்றி, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். இடையே அப்பா உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதிய முகவரிகளும் பெயர்களும் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். அந்த இடங்களை நீங்கள்தான் கையால் திருத்த வேண்டும். ஒரு மாலைக்கு இரண்டு மூன்று கடிதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், தம்பியை அருகில் உட்கார வைத்து மூலத்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்தால் பிழை தப்பாது. எல்லாம் முடிந்த பிறகும் பழைய கோப்புகளைப் புதியவற்றின் பக்கத்திலேயே வைத்திருங்கள்.