கடன் ஒப்புதல் கடிதத்தைப் புரோக்கருக்கு அனுப்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 35. ஒரகடத்தில் தனியார் கம்பெனியில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 1,08,000 ரூபாய் வருகிறது. குரோம்பேட்டையில் 17,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். கார் கடனுக்கு மாதம் 8,500 போகிறது, இன்னும் மூன்று வருடம் கட்ட வேண்டும். கையில் 18 லட்சம் இருக்கிறது. மனைவி போட்ட சீட்டு இரண்டு மாதத்தில் முடியும், அதில் 4 லட்சம் வரும். வங்கி 55 லட்சம் வரை வீட்டுக்கடன் தரலாம் என்று முதற்கட்ட ஒப்புதல் கடிதம் கொடுத்துள்ளது.

60 லட்சத்துக்குள் தேட ஆரம்பித்தோம். மனைவியின் சித்தப்பா தனக்குத் தெரிந்த புரோக்கரை அறிமுகப்படுத்தினார். வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று ஒப்புதல் கடிதத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சேலையூரில் 950 சதுர அடி, 14 வருடப் பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட் காட்டினார். பூட்டிக் கிடக்கிறது, ஓனர் பெங்களூரில். விலை 68 லட்சம். வேறு ஒரு பார்ட்டி ரெடியாக இருப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் 2 லட்சம் ரொக்கமாக டோக்கன் (முன்பணம்) கொடுத்தால் நிறுத்தி வைப்பதாகவும் சொல்கிறார். 50 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் செலவு மிச்சமாம். அவர் கமிஷன் 2 சதவீதம். பத்திரங்களைப் பார்க்க வக்கீலை ஏற்பாடு செய்துவிட்டேன். பற்றாக்குறைக்கு 5 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா? சித்தப்பா தினமும் போன் செய்து ‘முடிச்சிடு’ என்கிறார். எவ்வளவுக்குக் கேட்பது? (பெயர், முகவரி வேண்டாம்.)

பதில்: வில்லங்கம், மூலப்பத்திரம், பிரிக்கப்படாத நிலப்பங்கு, அப்ரூவல் பிளான் இதெல்லாம் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், வக்கீலையும் ஏற்பாடு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரி: ஒப்புதல் கடிதத்தைப் புரோக்கருக்கு அனுப்பியது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தர முடியும். 55 லட்சம் என்பது எவ்வளவு விலைக்கு 80 சதவீதம்? 68.75 லட்சத்துக்கு. உங்களிடம் சொன்ன விலை 68. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் 60-க்குள் வீடு தேடியவருக்குக் கடிதம் அனுப்பிய பிறகு 68-க்கு வீடு வந்து நிற்கிறது என்றால், ஓனரின் விலையைவிட உங்கள் கடிதம்தான் அதிகம் பேசியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓனர் என்ன கேட்டார் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா? தெரியாது. ஓனர் சொன்ன தொகைக்கு மேல் வைத்துச் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு.

புரோக்கர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு எதில் வரும்படி என்று பாருங்கள். 68-க்கு முடிந்தால் உங்களிடம் 1,36,000 வாங்குவார், 60-க்கு முடிந்தால் 1,20,000. வித்தியாசம் 16,000 ரூபாய். உங்களுக்கோ அது 8 லட்சம். ஓனரிடமும் ஒரு கமிஷன் பேசியிருப்பார். ஆக, அவருக்கு விலை முக்கியமில்லை, இந்த மாதமே வியாபாரம் முடிவதுதான் முக்கியம். வாங்குகிறவர் ஏறி வருவார் என்று தெரிந்தால் அவரை ஏற்றுவார். வாங்குகிறவர் இதற்கு மேல் நகரமாட்டார் என்று தெரிந்தால் போனை எடுத்து ஓனரை இறக்குவார். இரண்டாவதைச் செய்ய அவருக்கு மனத்தடை எதுவும் கிடையாது. ஆனால் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். கடன் தொகை, சேமிப்பு, சீட்டு முடியும் தேதி, வீட்டைக் காலி செய்ய வேண்டிய அவசரம், மனைவிக்குச் சமையலறை மிகவும் பிடித்துவிட்டது என்பது, இதில் எதையும் அவரிடம் சொல்லாதீர்கள். சித்தப்பாவிடமும் சொல்லாதீர்கள், ஏனென்றால் அது மாலைக்குள் அங்கே போய்விடும்.

இப்போது உங்கள் உண்மையான உச்சவரம்பு எவ்வளவு என்று பார்க்கலாம். நீங்கள் 55-ஐயும் 22-ஐயும் கூட்டி 77 என்று மனதில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டல் தப்பு.

68 லட்சத்துக்கு வாங்கினால் வங்கி அதிகபட்சம் 54.4 தரும், உங்கள் பங்கு 13.6. தமிழ்நாட்டில் மறுவிற்பனைக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 6.12 லட்சம். (புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் கிடைக்கும் குறைந்த முத்திரைத்தாள் உங்களுக்குப் பொருந்தாது. யாராவது 6, 7 சதவீதம்தான் ஆகும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.) கமிஷன் 1.36. வக்கீல், பத்திர எழுத்தர், வங்கிச் செலவு என்று ஒரு 60,000. எல்லாம் கூட்டினால் உங்கள் கையிலிருந்து 21.7 லட்சம் போகிறது. பெயின்ட், குழாய் வேலை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. சீட்டுப் பணமும் வந்த பிறகு கையில் மிஞ்சுவது 30,000 ரூபாய்.

அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் 68 என்று எழுதினால்தான். 14 வருடப் பழைய ஃபிளாட்டுக்கு ஓனர் சொல்லும் விலையை அவர் அப்படியே எழுதுவது அரிது. 62 என்று எழுதினால் கடன் 49.6-க்கு இறங்கும், உங்கள் பங்கு 26 லட்சத்தைத் தாண்டும். டோக்கன் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் என்ன செய்வீர்கள்?

60 லட்சத்துக்குப் போட்டால் உங்கள் பங்கு 12, பத்திரச் செலவு 5.4, கமிஷன் 1 சதவீதம் என்று பேசினால் 60,000, இதர செலவு 60,000. மொத்தம் 18.6. கையில் 3.4 லட்சம் அவசரத்துக்கு நிற்கும். 48 லட்சம் கடனுக்கு வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் லட்சத்துக்கு மாதம் 868, அதாவது சுமார் 41,700. கார் கடனோடு 50,000. வாடகை 17,000 நின்றுவிடும் என்பதால் சமாளிக்கலாம், ஆனால் இதற்கு மேல் இடமில்லை. நீங்கள் முதலில் நினைத்த 60 சரியான எண்தான். அதிலேயே நில்லுங்கள்.

பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். செயலியைத் திறந்ததும் ‘ப்ரீ-அப்ரூவ்ட்’ என்று பச்சை நிறத்தில் காட்டுவதால் அது உங்கள் பணம் ஆகிவிடாது. 5 லட்சம், 14 சதவீதம், 5 வருடம் என்றால் மாதம் சுமார் 11,600. 68 லட்சம் வீட்டுக்கான இஎம்ஐ 47,200, கார் 8,500, இது 11,600: மாதம் 67,000-க்கு மேல் கடனுக்கே போகும். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. வீட்டுக்கடனை விடுவிக்கும் முன் வங்கி உங்கள் சிபில் அறிக்கையை (உங்கள் கடன்களின் பதிவை) மறுபடி பார்க்கலாம். புதிதாக மாதம் 11,600 கட்டுகிறீர்கள் என்று தெரிந்தால், அந்தத் தொகைக்கு ஈடான வீட்டுக்கடன் தகுதி குறையும். 11,600-ஐ 868-ஆல் வகுங்கள். 13 லட்சத்துக்கு மேல் வருகிறது. 5 லட்சம் வாங்கப் போய் 13 லட்சத்தை இழக்கும் வேலை இது.

ரொக்கப் பேச்சுக்கு வருவோம். 50-க்குப் பத்திரம், 18 ரொக்கம் என்றால் பத்திரச் செலவில் மிச்சம் 1.62 லட்சம். ஆனால் வங்கி 50-ல் 80 சதவீதம்தான் தரும், 40 லட்சம். கடனில் 14.4 லட்சம் குறைகிறது. அந்த 14.4-க்கு எங்கே போவீர்கள்? பின்னால் நீங்கள் இந்த வீட்டை விற்கும்போது வாங்கிய விலை 50 என்றே பத்திரம் சொல்லும். இல்லாத 18 லட்சம் லாபத்துக்கு இன்றைய 12.5 சதவீத விகிதத்திலேயே 2.25 லட்சம் வரி கட்ட வேண்டியிருக்கும். சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் நஷ்டம். அதில் லாபம் ஓனருக்கு மட்டும்தான். புரோக்கர் இதை உங்களுக்குச் செய்யும் உதவி மாதிரிச் சொன்னதுதான் எனக்குக் கோபமாக இருக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள், புரோக்கர் இல்லாமல். வாட்ச்மேனிடமும் அசோசியேஷன் செயலாளரிடமும் பேசுங்கள். வீடு எத்தனை மாதமாகப் பூட்டியிருக்கிறது, மெயின்டனன்ஸ் பாக்கி உண்டா, அதே பிளாக்கில் கடைசியாக எது விற்றது, என்ன விலைக்குப் படிந்தது என்று கேளுங்கள். ஓனரின் கடைசி மூன்று கரன்ட் பில்லையும் வாங்கிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு மாதக் கதை அதில் இருக்கும். ரீடிங் ஏறவே இல்லையென்றால், அரை வருடமாக யாரும் குடியில்லாத வீட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் திடீரென்று ஒரு பார்ட்டி வந்து நிற்பது எவ்வளவு நம்பக்கூடியது என்று நீங்களே முடிவு செய்யலாம். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அதே கட்டடத்தில் நடந்த மற்றக் கிரயங்களும் தொகையோடு வரும். பத்திரத் தொகை உண்மை விலையைவிடக் குறைவாக இருப்பது நம் ஊர் வழக்கம், அதைப் பார்த்துக்கொண்டு படியுங்கள். ஆனாலும் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

அப்புறம் புரோக்கருக்கு எழுத்தில் ஒரு மெசேஜ், வாட்ஸ்அப்பே போதும்: “இந்த ஃபிளாட்டுக்கு 57 லட்சம். முழுத் தொகையும் வங்கி வழியாக, முழுத் தொகைக்கும் பத்திரம். வக்கீல் பேப்பர் பார்த்து, வங்கி மதிப்பீடும் வந்த பிறகு அக்ரிமென்ட். அதிலிருந்து 90 நாளில் கிரயம். பத்து நாளைக்கு இந்த விலை நிற்கும். ஓனரிடம் நேரில் அல்லது போனில் பேச வேண்டும்.” அனுப்பிய பிறகு அவர் அழைத்தால் ‘ஓனர் என்ன சொன்னார்?’ என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாதீர்கள். ‘உங்க பட்ஜெட் கடைசியா என்ன சார்?’ என்று பல விதமாகக் கேட்பார். பதில் 57 தான். ஓனர் ஒரு எண் சொன்னால் நீங்கள் 58.5, பிறகு 59.5, கடைசியாக 60. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சின்னதாக இருக்கட்டும், உங்களுக்கு எல்லை வருகிறது என்று அவருக்கும் புரியும். ஒப்புதல் கடிதத்தைச் சுட்டிக்காட்டி ‘55 கிடைக்குமே’ என்றால், ‘வங்கி கொடுக்கும், என் பங்கு போடப் பணமில்லை’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. 90 நாள் கேட்பதில் சீட்டுப் பணமும் வந்துவிடும்.

கமிஷனையும் இப்போதே பேசுங்கள். எவ்வளவு என்று சட்டம் எதுவும் நிர்ணயிக்கவில்லை, எல்லாம் பேச்சுதான். 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்பது, அந்தச் சட்டத்தில் பதிவான திட்டங்களை விற்பதற்குத்தான். இப்படித் தனியார் ஒருவர் விற்கும் பழைய ஃபிளாட்டுக்கு அந்தக் காவல் உங்களுக்கு இல்லை. 1 சதவீதம், கிரயம் பதிவாகும் அன்று, என்று முடித்துக்கொள்ளுங்கள்.

டோக்கன் ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும். புரோக்கர் கைக்கோ அவர் மனைவியின் கணக்குக்கோ போகக் கூடாது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, பெற்றுக்கொள்கிறவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். இதைச் சொன்னாலே ரொக்கப் பேச்சு பாதி அடங்கிவிடும். தொகை 50,000 போதும். பத்திர நகல்களை வக்கீல் பார்த்த பிறகு, பத்திரத்தில் பெயருள்ள எல்லோரும் கையெழுத்திட்ட ரசீதுடன். அந்த ரசீதில் ஒரு வரி கட்டாயம்: வக்கீல் கருத்து சாதகமாக இல்லாவிட்டாலோ, வங்கிக் கடன் தேவையான அளவு கிடைக்காவிட்டாலோ 15 நாளில் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். இந்த வரியை எழுத மறுக்கும் ஓனருக்கு டோக்கனே வேண்டாம். விலை 50 லட்சமோ மேலோ என்பதால் 1 சதவீத டிடிஎஸ்ஸை (ஓனருக்குத் தரும் தொகையில் பிடிக்கும் வரியை) நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும், அதை அக்ரிமென்ட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வங்கியில் கையெழுத்துப் போடும் நாளில் ஒரு காப்பீட்டுத் தாளையும் நடுவில் வைத்து நீட்டுவார்கள். ஒரே பிரீமியம் 1.5 லட்சம், ‘கடனோடயே சேர்த்துடலாம் சார், தெரியவே தெரியாது’ என்பார்கள். 20 வருடத்தில் அது 3.1 லட்சமாகத் திரும்பிப் போகும். கடனுக்கு அது கட்டாயம் இல்லை. வருடா வருடம் கட்டும் சாதாரண டேர்ம் பாலிசி தனியாக எடுங்கள்.

சித்தப்பா விஷயம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மாதம் 41,700 கட்டப்போவது அவர் அல்ல. அவரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், அது மனைவிக்குத்தான் சங்கடம். மனைவியே ஒருமுறை போன் செய்து, “சித்தப்பா, வங்கி மதிப்பீடு வராம ஒரு ரூபா கூடக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, வந்ததும் நானே உங்களுக்குச் சொல்றேன்” என்று முடிக்கட்டும். அதன் பிறகு புரோக்கரோடு நேரடிப் பேச்சு நீங்கள் இருவர் மட்டும்.

மதிப்பீடு 60-க்குக் கீழே வந்தால் மறுபடி கணக்கு. 57 என்று வந்தால் கடன் 45.6 தான், 60-க்கு வாங்க உங்கள் பங்கு எல்லாச் செலவும் சேர்த்து 21 லட்சமாகும், அவசரத்துக்கு ஒரு லட்சம்தான் மிஞ்சும். அப்போது அந்த அறிக்கையைச் சொல்லி ஓனரை 58-க்கு அழைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கமும் பாருங்கள். அங்கே பேசும்போது ஒப்புதல் கடிதம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.